மேடைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆற்றுப்பாலம் வரை

இது நீளமான பதிவு. காலைக் காபியோடு உட்கார்ந்து படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான். பையன் என்று வாய் சொல்கிறதே தவிர அவனுக்கே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. அவன் இருப்பது ஷ்ரூஸ்பரி என்ற பழைய ஊர். செவர்ன் ஆறு அந்த ஊரைக் குதிரை லாடம் மாதிரி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. போன மாதம் ஒரு படம் அனுப்பினான். மடித்த ஒற்றைத் தாள். அதில் ஊர் வரைபடம். எண் போட்ட புள்ளிகள். முதல் எண்ணில் நின்று இடப்பக்கம் பார், இரண்டாம் எண்ணில் கதவின் மேலே பார் என்று எழுதியிருக்கிறார்கள். வழிகாட்டி யாரும் வேண்டாம். தாளைக் கையில் பிடித்து நடந்தால் ஊரே தன் கதையைச் சொல்லும்.

"சார், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை பூரா நடந்தோம். டார்வின் பிறந்த ஊர் சார் இது. நடுச் சதுக்கத்துல ராபர்ட் கிளைவ் சிலை நிக்கி. எம் மவ கேக்கா, அப்பா உங்க ஊர்ல எங்கெங்க நடக்கணும்னு. எனக்கு வாயில ஒண்ணும் வரல சார்" என்று குரல் செய்தி வேறு.

அவனுக்கு வரவில்லை என்றால் குற்றம் யாருடையது? அவனுக்கு வரலாறு நடத்தியது நான். 33 வருடம் பாளையங்கோட்டையில் வரலாறு நடத்தினேன். இந்திய வரைபடத்தில் பாளையங்கோட்டையைக் குறி என்று பரீட்சையில் கேட்டிருக்கிறேன், பாளையங்கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு. ஊமைத்துரை எந்தக் கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார் என்று ஒரு மார்க் கேள்வி போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டையின் வாசல் எங்கள் வகுப்பறையிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு வருடம்கூட, ஒரு வகுப்பைக்கூட, நான் அங்கே கூட்டிப் போனதில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், அரையாண்டு வருகிறது, வெயில் அடிக்கிறது. காரணங்களுக்கா பஞ்சம்?

அவனுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நான் நடந்து பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். பைக்குள் கால்டுவெல் 1881ல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம், பேட் தொகுத்த 1917ஆம் வருட கெசட்டியர், ஒரு குடை. நாலு காலை நடந்ததில் ஒரு பாதை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் மேடைப் போலீஸ் ஸ்டேஷன். அது ஊர் வைத்த பெயர். தரையிலிருந்து உயர்ந்து, மேடை போட்டது மாதிரி நிற்கிறதே, அதுதான் பழைய கோட்டையின் மேற்கு வாசல். தினமும் அதைக் கடந்துதான் மார்க்கெட்டுக்குப் போகிறோம். கீழே நின்று அண்ணாந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "என்ன சார் பாக்கிய? பல்லி கில்லி இருக்கா?" என்றார். கோட்டை என்றேன். "கோட்டையா? அது இடிஞ்சு எம்புட்டு நாளாச்சு" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் சொன்னதும் சரிதான். தேவை முடிந்ததும் மதில்களை வெள்ளைக்காரர்களே இடித்துவிட்டார்கள். மிஞ்சியது இந்த வாசலும், கிழக்கே இருக்கிற வாசலின் மிச்சமும்தான். இரண்டுக்கும் நடுவே நடந்து பாருங்கள். உங்கள் காலே அளந்து சொல்லும், கோட்டை எவ்வளவு பெரிது என்று. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

பாளையம் என்றால் படை இறங்கிய இடம். ஆனால் ஊர் படையோடு பிறந்ததல்ல. பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு ஸ்ரீவல்லபமங்கலம் என்று பெயர். கோபாலசுவாமி கோயில் அந்தப் பழைய ஊருக்குச் சாட்சி. கோட்டை பிறகு வந்தது; அதில் கம்பெனிப் படை அதற்கும் பிறகு வந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் மிலிட்டரி லைன் என்கிறோம், ஹைகிரவுண்ட் என்கிறோம். படை போய்விட்டது, பெயர் போகவில்லை.

இந்த வாசலில் நின்று நினைக்க வேண்டிய தேதி 1801 பிப்ரவரி 2. கட்டபொம்மனை அதற்கு முந்தைய வருடத்துக்கும் முந்தைய வருடம், 1799 அக்டோபர் 16ல், கயத்தாறில் தூக்கிலிட்டாயிற்று. (கட்டபொம்மனைப் பாளையங்கோட்டையில் அடைத்து வைத்துத் தூக்கிலிட்டார்கள் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். இல்லை, கயத்தாறுதான்.) தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் இந்தக் கோட்டைக்குள் சிறையில். சிறையில் அம்மை போட்டிருந்ததால் கைதிகளின் விலங்குகளைக் கழற்றியிருந்தார்கள். அன்று இரவு கம்பெனி அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்தில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, வெளியே வேடமிட்டுக் காத்திருந்த ஆட்களும் உள்ளே இருந்தவர்களும் சேர்ந்து காவலர்களை அமுக்கிவிட்டு வெளியேறினார்கள். விறகு விற்கிறவர்கள் மாதிரி வந்தார்கள், விறகுக் கட்டுக்குள் ஆயுதம் இருந்தது என்பது ஊர்க்கதை. பாஞ்சாலங்குறிச்சி இங்கிருந்து முப்பது மைல். வழியில் இருந்த காவல் முகாம்களின் துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டே போனார்கள். ஒரு வாரத்தில் மெக்காலே படையோடு அங்கே போய்ப் பார்த்தபோது, தரைமட்டமாக்கிய மண்கோட்டை மறுபடி எழுந்து நின்றது. அதைப் பிடிக்கக் கம்பெனிக்கு மே 24 வரை ஆயிற்று. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். எதிரியின் வாயால் வந்த சாட்சி என்பதால் எனக்கு அது முக்கியம்.

அந்த மேஜர் மெக்காலே யார் தெரியுமா? காலின் மெக்காலே. நம் பள்ளிக்கூடப் படிப்பை ஆங்கிலத்தில் வைக்கச் சொன்ன தாமஸ் மெக்காலேக்குப் பெரியப்பா முறை. இதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் பையன்கள் ஜென்மத்துக்கும் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

ஷ்ரூஸ்பரி சதுக்கத்துச் சிலையை இங்கே நின்றுதான் யோசித்தேன். கிளைவ் அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர், 1762ல் மேயர். சிலை வைத்தது 1860ல். இந்த மனிதர் 1751ல் ஆற்காட்டைப் பிடித்துக்கொண்டதில் தொடங்கிய காரியம், நவாப் முகமது அலியைக் கம்பெனியிடம் கடன்காரராக்கி, 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் கிஸ்தி வாங்கும் உரிமை கம்பெனி கைக்கு வந்து, கடைசியில் நம் கயத்தாறுப் புளியமரத்தில் வந்து நின்றது. 2020ல் அந்தச் சிலையை எடுக்க வேண்டும் என்று அங்கே மனு எழுதினார்கள். எடுப்பதில்லை என்று கவுன்சில் முடிவு செய்தது. எடுப்பதோ வைப்பதோ அவர்கள் பாடு. ஆனால் என் மாணவனின் மகள் அந்தச் சிலைக்குக் கீழே நிற்கும்போது, கதையின் மறு முனை அவள் தாத்தா ஊரில் போலீஸ் ஸ்டேஷன் மேடையாக நிற்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது?

கோட்டை எல்லைக்குள்ளேயே அடுத்த நிறுத்தம் குளோரிந்தா ஆலயம். பழைய ஆட்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்பார்கள். பக்கத்தில் பாப்பாத்தியம்மாள் கிணறு. தஞ்சாவூர் மராத்தியப் பிராமணப் பெண். கோகிலா என்பது அவர் பெயர் என்று சொல்வார்கள். கணவர் இறந்ததும் உடன்கட்டை ஏறவிருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி காப்பாற்றினார். அவரோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, முறையான திருமணம் இல்லை என்று சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778ல், இதே பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸே கொடுத்தார். 1780ல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் இந்த அம்மாவுடையது. அவர் கட்டிய ஆலயத்தை 1785ல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார்.

இதில் என்னை நிறுத்தி வைத்தது ஒன்று. சொந்தச் சாதி தள்ளியது, வெள்ளைக்காரர் திருமணம் செய்யவில்லை, பாதிரியார் முதலில் மறுத்தார். மூன்று கதவும் மூடின பெண் ஒரு கோவிலையும் கிணற்றையும் விட்டுப் போயிருக்கிறார். ஊர் அவரைக் கூப்பிடுவதோ, அவரை வெளியே தள்ளிய சாதியின் பெயரால். பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா இவர் கதையை 1915ல் 'கிளாரிந்தா' என்று ஆங்கில நாவலாக எழுதினார். நம் மாவட்டத்து ஆள் எழுதிய, நம் ஊர் நடக்கும் நாவல். பாளையங்கோட்டையில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. நானே அறுபது வயதில்தான் படித்தேன்.

அங்கிருந்து மேற்கே முருகன்குறிச்சி வரை கொஞ்சம் வேகமாக நடக்கலாம். போக்குவரத்து நெரிசலில் நின்று பார்க்கவும் முடியாது. ஊசிக்கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். ஆலயத்தை ரேனியஸ் ஐயர் 1826ல் கட்டினார். ஊசி போன்ற அந்தக் கோபுரம் பின்னால் சேர்ந்தது. ஜெர்மனிக்காரர். தமிழ் இலக்கணம் எழுதினார், வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினார், 1838ல் இங்கேயே இறந்தார். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று ஊருக்குப் பட்டம் சொல்கிறோமே, அது கல்லூரிகளை எண்ணிச் சொல்வது. எனக்குப் பெருமை வேறு இரண்டு பள்ளிகளில். கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையார் 1890ல் தொடங்கியது, காது கேளாத பிள்ளைகளுக்கு ஸ்வெயின்சன் அம்மையார் 1897ல் தொடங்கியது. சாரா டக்கர் கல்லூரிப் பெண்களுக்கு ஒரு கேள்வி: அந்த சாரா டக்கர் பாளையங்கோட்டையில் எந்த வீட்டில் இருந்தார்? எந்த வீட்டிலும் இல்லை. அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை. இங்கிலாந்தில் இருந்தபடியே இங்கத்திப் பெண் கல்விக்காகப் பாடுபட்டவர்.

வண்ணார்பேட்டை தாண்டிக் கொக்கிரகுளம் வந்தால் ஆற்றுக்காற்று முகத்தில் படும். இங்கே கண்டிப்பாக நில்லுங்கள். சுலோசன முதலியார் பாலம்.

1840களுக்கு முன் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே போக வேண்டுமானால் படகுதான். துறையில் கூட்டம், அடிதடி, வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. கலெக்டர் தாம்சன் பாலம் கட்ட நினைத்தார், பணம் வேண்டும். அவர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், ஊரெல்லாம் வசூல் செய்து கொடுக்க வேண்டிய தொகையைத் தானே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். ஐம்பதாயிரம் ரூபாய் என்பார்கள். மனைவியின் நகைகளும் அதில் போயின என்பார்கள். ஹார்ஸ்லி என்ற பொறியாளர் வரைந்தார். லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைந்தது என்பது வழிவழியாகச் சொல்வது. பதினோரு வளைவு. 1843ல் திறந்தார்கள். 1869 வெள்ளம் ஒரு பகுதியைக் கொண்டுபோனது, திருப்பிக் கட்டினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த இரண்டு நாளும் எத்தனை பேர் இந்தப் பாலத்தை நினைத்துக் கவலைப்பட்டோம்! நின்றது. மூலப் பாலம் இருந்த லண்டனில், வாட்டர்லூவைப் பழுதாகிவிட்டது என்று 1930களில் இடித்துவிட்டு வேறு கட்டிவிட்டார்கள். நகல் இங்கே பஸ்ஸைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

சுலோசன முதலியாரின் தகப்பனார் இராமலிங்க முதலியார், 1799ல் பானர்மேனுக்காகக் கட்டபொம்மனிடம் தூது போன கம்பெனி மொழிபெயர்ப்பாளர் என்று உள்ளூர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கோட்டை வாசலில் தொடங்கிய கதை பாலத்தில் வந்து இன்னொரு திருப்பம் எடுக்கிறது. தகப்பன் கம்பெனிக்குத் தூது. மகன் ஊருக்குப் பாலம். இவர்களை நல்லவர் கெட்டவர் என்று பிரித்து மார்க் போட எனக்குக் கை வரவில்லை. அப்படிப் போட்டுப் பழகின கைதான்.

பாலத்தின் கீழே இறங்கும்போது ஒரு ஆட்டோக்காரத் தம்பி கூட வந்தார். எங்கே போறிய சார் என்று கேட்டவரிடம் பாலத்துக் கதையைச் சொன்னேன். வளைவு பதினொன்று, வருஷம் 1843 என்று வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், 99ஐச் சொல்லலியே" என்றார்.

சொல்லவில்லை. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், கூலி உயர்வும் சிறையில் இருந்த தங்கள் ஆட்களின் விடுதலையும் கேட்டு, கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தார்கள். ஆற்றங்கரையை ஒட்டித் தடியடி நடந்தது. ஜனங்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. அந்தத் தம்பியின் பெரியம்மா மாஞ்சோலையில் கொழுந்து எடுத்தவராம்; அன்று ஊர்வலத்தில் வந்து, கரையில் செருப்பை விட்டுவிட்டு உயிரோடு திரும்பினவர். இப்போதும் வருடாவருடம் அந்தத் தேதியில் கட்சிக்காரர்களும் சொந்தக்காரர்களும் வந்து ஆற்றில் பூப்போட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் பூ வந்த தடம் இருக்காது.

அன்று நான் வேலையில் இருந்தேன். மதியத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளைப் பாலம் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "சார், ஆத்துல என்ன நடந்துச்சு?" என்று கேட்டது. பாடத்தைப் பார் என்றேன். அன்றைய பாடம் ஜாலியன் வாலாபாக். எனக்கு அது இப்போது நினைவு வந்தது இல்லை. இந்த இருபத்தைந்து வருடமும் நினைவு இருக்கிறது. எழுதுவதுதான் இப்போது.

ஆகவே இந்தப் பாதையில் பாலத்துக்கு நான் இரண்டு எண் போட்டிருக்கிறேன். மேலே நின்று பார்ப்பதற்கு ஒன்று, கீழே இறங்கி நிற்பதற்கு ஒன்று.

பாலத்தைக் கடந்தால் ஜங்ஷன். அந்த ஸ்டேஷனுக்கு அந்தக் காலத்தில் திருநெல்வேலிப் பாலம் என்றே பெயர். பாலத்தின் பெயரில் ரயில் நின்றது. அதற்கு மேல் டவுன் வரை போகிற பாதை இன்னொரு நாளைக்கு. வ.உ.சி. கைதானதற்கு மறுநாள், 1908 மார்ச் 13ல், டவுனில் நகராட்சி அலுவலகமும் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்த கதை, நாலு பேர் சுடப்பட்ட கதை அங்கே இருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் புத்தகத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்த பிறகு நிறையப் பேர் அந்தத் தெருக்களைத் தேடுகிறார்கள். அந்தப் பாதையைத் தனியாக நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். நெல்லையப்பர் கோயில் வாசலில் அல்வா வாங்க நிற்கிற நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே.

தாள் ஒன்று தயார் செய்திருக்கிறேன். கையால் வரைந்த படம்தான், அழகாக இருக்காது. ஒன்பது எண்கள். நின்று நின்று பார்த்தால் இரண்டரை மணி நேரம். வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும். பாலத்தின் கீழே இறங்கும் இடம் வழுக்கும். சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். ஆலயங்களிலும் கோயிலிலும் பூசை நேரம் பார்த்துப் போங்கள். எதிலாவது தப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திவிடுகிறேன். குறிப்பாகக் கிழக்கு வாசல் பக்கம் குடியிருந்த பழைய குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பின்சுவரில் கோட்டைக் கல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஷ்ரூஸ்பரிக்குத் தாளின் படத்தை அனுப்பிவிட்டேன். டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு வருகிறானாம். அதற்கு முன்னால் யாராவது நடக்க நினைத்தால், வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேடைக்குக் கீழே நிற்பேன். என் பழைய மாணவர்கள் யாரும் சாக்கு சொல்ல வேண்டாம். போர்ஷன் எல்லாம் முடிந்துவிட்டது.